சத்தம் நின்றால் கார் செத்ததாகுமா? வெள்ளவத்தைக் கிளாக்கர் கற்ற ஞாயிற்றுக்கிழமைப் பாடம்!

கொழும்பு. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை. ஞாயிறு காலை எட்டு மணி.

வீட்டு முற்றத்தில் வெள்ளை நிற ரொயோட்டா அக்குவா. பொனெற் திறந்து கிடக்கிறது. சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் உள்ளே தலையை விட்டுத் துழாவுகிறார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். மனைவியின் நகையை அடைவு வைத்து வாங்கிய செக்கன்ட் ஹாண்ட் ஹைபிரிட் கார் அது.

தடித்த, தோடம்பழ நிற வயர் ஒன்று வழியை மறிக்கிறது. அதைத் தள்ளிவிடக் கை நீள்கிறது...

“அண்ணை! கையை எடுங்கோ!”

மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல். பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜ் ஒன்றில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பொடியன்.

“ஏன் தம்பி? கார் நிக்குதுதானே, சத்தமே இல்லையே?”

“சத்தம் இல்லையெண்டா ஓஃப் எண்டு அர்த்தமில்லை அண்ணை. டாஷ்போர்ட்டைப் பாருங்கோ.”

எட்டிப் பார்த்தார். ‘ரெடி’ என்ற எழுத்து பச்சையாக எரிந்துகொண்டிருந்தது! எஞ்சின் எந்த நிமிஷமும் தானாகவே உறுமி எழும்பியிருக்கும். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

144 வோல்ட்... 520 வோல்ட்!

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் செக்கன்ட் ஹாண்ட் விலை எகிறியது. ஜப்பானில் இருந்து முன்பு வந்திறங்கிய ஹைபிரிட் கார்கள் கைமாறிக் கைமாறி ஓடின. கராஜ் செலவுக்குப் பயந்து பலர் தாங்களே ஸ்பானரைத் தூக்கினார்கள்.

தூக்கலாம். தப்பில்லை. ஆனால் எல்லைக் கோடு எதுவென்று தெரிய வேண்டும். அந்தக் கோடுதான் தோடம்பழ நிற வயர்.

அக்குவாவின் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பற்றரி 144 வோல்ட். இன்வேர்ட்டர் அதை 520 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குக் கொடுக்கிறது. வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான்! வயரின் உறை நன்றாக இருந்தால் ஆபத்தில்லை. எலி கடித்து வைத்திருந்தால்? காரை ஓஃப் செய்த பிறகும் இன்வேர்ட்டருக்குள் சில நிமிஷங்களுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். அந்தப் பெட்டியைத் திறப்பது, பெரிய பற்றரியைக் கழற்றுவது எல்லாம் பயிற்சி பெற்றவன் காப்புக் கையுறை போட்டுச் செய்யும் வேலை. பிரேக்கும் அப்படியே. கதவைத் திறந்தாலே அதன் பம்ப் தானாக வேலை செய்யக் கூடும். ஸ்கான் கருவி உள்ள கராஜுக்கு விட்டுவிடுவதே புத்தி.

கை வைக்கக் கூடியவை

முதலில் காரை ஓஃப் செய்து, ஹாண்ட் பிரேக் போட்டு, ‘ரெடி’ விளக்கு அணைந்ததா என்று பார்க்க வேண்டும். சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கக் கூடாது. வீட்டுக்குள் தள்ளி வைக்க வேண்டும். மூடிய கராஜுக்குள் ‘ரெடி’யில் விடவே கூடாது. தானாக எழும்பும் எஞ்சினின் புகை ஆளைக் கொல்லும்.

பிறகு வேலை சுலபம். எயார் ஃபில்டரைக் கழற்றித் தூசு பார்க்கலாம். ஒயில் மாற்றலாம். ஃபில்டரோடு மாற்றினால் சுமார் 3.7 லீற்றர், 0டபிள்யூ-20 ரகம். அடியில் படுக்கிறவர்கள் ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம்.

இரிடியம் பிளக் சுமார் ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். பழைய கார்ப் பழக்கத்தில் கழற்றிச் சுரண்டினால் முனை போய்விடும். மாற்றுவதானால் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான். ஃபேன் பெல்ட் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அக்குவாவில் அது கிடையாது! தண்ணீர் பம்பும் ஏசியும் மின்சாரத்தில் ஓடுகின்றன.

கூலன்ட் போத்தல் எஞ்சினுக்கு ஒன்று, இன்வேர்ட்டருக்கு ஒன்று. இரண்டிலும் மட்டம் பார்க்க வேண்டும். குறைந்தால் உரிய கூலன்ட்தான். பைப் தண்ணீர் விடக் கூடாது.

பெரிய பற்றரியோடு 12 வோல்ட் சின்னப் பற்றரியும் உண்டு. சாதாரண காரில் அது சோர்ந்தால் ஸ்டார்ட் பண்ணும்போது இழுத்து இழுத்துச் சத்தம் வரும். ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரி. ஆகவே முன்னறிவிப்பே கிடையாது. ஒருநாள் ‘ரெடி’ வராது, அவ்வளவுதான். “பெரிய பற்றரி போச்சு” என்று அலறுவதற்கு முன் சின்னதை அளந்து பார்க்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே போனால் சந்தேகம்தான்.

மூக்கை அடைத்தது யார்?

கிளாக்கரின் உண்மையான கவலை வேறு. ஒரு வாரத்துக்கு முன் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. காட்டிய இடத்தில், “பெரிய பற்றரி மாத்த வேணும்” என்றார்கள். இலட்சக் கணக்கில் விலை. அடைவு வைக்க இனி வீட்டில் நகை இல்லை. அதனால்தான் ஞாயிறு காலையில் பொனெற்றைத் திறந்தார்.

“கோட் என்ன எண்டு கேட்டீங்களோ அண்ணை?”

“அது என்ன தம்பி?”

பொடியன் தன் ஸ்கானரைக் கொண்டுவந்து மாட்டினான். பற்றரி தேய்ந்துவிட்டது என்று சொல்லும் பீ-0-ஏ-80 அதில் இல்லை. பற்றரியைக் குளிர வைக்கும் விசிறி பற்றிய கோட்தான் இருந்தது!

பின் சீட்டின் அடிப்பக்கத்தில் ஒரு காற்று வாய். காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துப் பற்றரியைக் குளிர்விப்பது அதன் வேலை. அதில் விரலை விட்டான். கொத்தாக வந்தது தூசு, தலைமயிர், துணிப் பஞ்சு. போதாததற்கு, சீட்டடியில் எப்போதும் ஒரு சாமான் பை அதன் மேல் சாய்ந்து கிடந்ததாம்!

மூக்கை அடைத்தால் மனுஷனுக்கே மூச்சு முட்டும். சூடு ஏற ஏறப் பற்றரியின் ஆயுள் குறையும்.

வக்கியூம் கிளீனர் பிடித்து, உலர்ந்த பிரஷால் தட்டித் துப்பரவாக்கினான். ஈரத் துணிகூடப் படக் கூடாது. கோட்டை அழித்து ஓடிப் பார்த்தார்கள். காலி முகத்திடல் வரை போய்த் திரும்பினார்கள். முக்கோணம் எரியவில்லை.

இதற்காக எல்லாப் பற்றரியும் தூசு தட்டினால் பிழைத்துவிடும் என்பதில்லை. செல் செத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கோட்டைக் கேட்காமல், காற்று வாயைப் பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

“என்ன தரவேணும் தம்பி?”

“ஒரு பிளேன்ரீ போதும் அண்ணை. அந்தப் பையை மட்டும் இனி டிக்கிக்குள்ளே வையுங்கோ.”