அண்டம் ஒரு கணினியா?

மரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது. எந்த வேகத்தில் விழ வேண்டும், எந்த நொடியில் தரையைத் தொட வேண்டும் என்று அந்தத் தேங்காய்க்கு யார் சொல்லிக் கொடுத்தது? 'ஈர்ப்பு விசை' என்று எழுதினால் தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சில அறிவியலாளர்கள் வேறொரு பதிலைச் சொல்லி வருகிறார்கள். இந்த அண்டமே ஒரு பெரிய கணினி. தேங்காய் விழுவது அக்கணினி போடும் ஒரு கணக்கு என்பதே அந்தப் பதில்.

நண்பர்களே, இதை 'த மேட்ரிக்ஸ்' படக் கதையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்மையெல்லாம் யாரோ தம் கணினிக்குள் ஓட விட்டு வேடிக்கை பார்க்கிறார் என்பது வேறு கதை. இங்கே வெளியில் ஆளும் இல்லை, மேசையும் இல்லை. இடம், காலம், பொருள் எல்லாமே அடியாழத்தில் 0, 1 என்னும் தகவல்தான். அந்தத் தகவல் ஒரு விதிப்படி மாறிக்கொண்டே இருப்பதைத்தான் நாம் உலகம் என்கிறோம் என்பது இவர்களின் வாதம்.

கணினித் துறையில் பயிலும் எனக்கு இது இனிப்பான செய்திதான். நான் படிக்கும் பாடமே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்றால் கசக்குமா என்ன? அதனாலேயே சந்தேகமும் வந்தது. ஐரோப்பாவில் கடிகாரம் உச்சத்தில் இருந்த 17-ஆம் நூற்றாண்டில், அண்டம் ஒரு கடிகாரம் என்றார்கள். இப்போது கணினியின் முறையோ?

இந்த வாதத்தின் முன்னோடி ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே. 1941-இல் பெர்லினில், தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலேக்களை இணைத்து, நிரல்படி இயங்கும் 'இசட் 3' கணினியை உருவாக்கியவர். 'கணிக்கும் வெளி' என்று பொருள்படும் தலைப்பில் 1969-இல் அவருடைய நூல் வெளிவந்தது. வெளி என்பது சின்னஞ்சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பார்த்துத் தன் அடுத்த நிலையை முடிவு செய்கிறது என்றார் சூசே.

இதைப் புரிந்துகொள்ள மிக எளிய வழி, கணித அறிஞர் ஜான் கான்வே உருவாக்கி 1970-இல் வெளியுலகுக்குத் தெரியவந்த 'உயிர்' விளையாட்டு. தமிழ்ப்பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு வாங்கிய கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சில கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்குங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டுக் கட்டங்கள் உண்டு. கறுப்புக் கட்டத்தைச் சுற்றி இரண்டோ மூன்றோ கறுப்புக் கட்டங்கள் இருந்தால் அது அடுத்த சுற்றிலும் கறுப்பாகவே இருக்கும். வெள்ளைக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று கறுப்புக் கட்டங்கள் இருந்தால் அதுவும் கறுப்பாகும். மற்றதெல்லாம் வெள்ளை. விதி அவ்வளவுதான்.

இந்த விதியில் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? ஐந்து கட்டங்களைக் குறிப்பிட்ட ஒரு வடிவில் கறுப்பாக்கினால், அவ்வடிவம் நான்கு சுற்றுக்கு ஒரு முறை மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்துவிடுகிறது. அப்படியே நகர்ந்துகொண்டே போகிறது. உண்மையில் எதுவும் நகரவில்லை. தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தொங்கும் மின்விளக்குச் சரத்தில் ஒளி ஓடுவது போலத் தெரியுமே, அதுபோலத்தான். அணைவதும் எரிவதும் மட்டுமே உண்மை. ஓட்டம் நம் கண்ணுக்கு. அணுத்துகள்கள் ஓடுவதும் இப்படித்தான் என்பது சூசேயின் ஊகம். இந்த வடிவங்களையே மின்துடிப்புகளைப் போலப் பயன்படுத்தி, அந்தக் கட்டங்களுக்குள்ளேயே ஒரு முழுக் கணினியை அமைக்க முடியும் என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது.

இன்னொரு அழகும் உண்டு. இவ்விளையாட்டில் ஒரு சுற்றில் ஒரு கட்டத்துக்கு மேல் எந்தச் செய்தியும் பாய முடியாது. ஒளியின் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாது என்று ஐன்ஸ்டீன் சொன்னதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடைக்குமா!

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. நோட்டுப் புத்தகக் கட்டத்தில் நேராகப் போவதும் மூலைவாட்டில் போவதும் ஒன்றல்ல. நாம் வாழும் வெளியிலோ எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லை. மேலும், வெளி கட்டங்களால் ஆனது என்று சொல்லும் கோட்பாடுகளில் பல, மிகுந்த ஆற்றல் கொண்ட ஒளி கட்டங்களின் சொரசொரப்பைக் கூடுதலாக உணரும், அதனால் அதன் வேகம் சற்றே மாறும் என்கின்றன. இதைச் சோதிக்க அண்டமே ஓட்டப் பந்தயம் வைத்தது. 2009 மே 10-ஆம் நாள், ஃபெர்மி விண்தொலைநோக்கி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த கதிர்கள். அவற்றுள் மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளித்துகளும், வெடிப்பு பதிவாகத் தொடங்கிய ஒரு நொடிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. எளிய கட்டக் கோட்பாடுகளுக்கு இது பலத்த அடி. எல்லாக் கட்டக் கோட்பாடுகளும் வீழ்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. ஆனால், தவறென்று காட்டக்கூடிய ஒரு கூற்றை முன்வைத்த துணிச்சல் சூசே வழி வந்தவர்களுக்கு உண்டு. அதை நான் மதிக்கிறேன்.

அடுத்த அடியைக் கொடுத்தவர் ரிச்சர்ட் ஃபைன்மேன். குவாண்டம் உலகைச் சாதாரணக் கணினியில் அப்படியே உருவாக்கிக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று 1981-இல் எம்.ஐ.டி.யில் ஆற்றிய உரையில் விளக்கினார். இரண்டே நிலைகள் கொண்ட 300 துகள்களின் முழு நிலையை எழுத 2-ஐ 300 முறை பெருக்கிவரும் அளவுக்கு எண்கள் தேவை. நாம் காணக்கூடிய அண்டத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையைவிட அது பெரிது. ஆகவே, அண்டம் கணினிதான் என்றாலும் நம் மேசையில் இருக்கும் வகைக் கணினி அல்ல.

சரி, குவாண்டம் கணினி என்று வைத்துக்கொள்வோமே என்றார் எம்.ஐ.டி. பேராசிரியர் சேத் லாய்டு. பெருவெடிப்பு முதல் இன்று வரை அண்டம் செய்திருக்கக்கூடிய கணக்குகளை அவர் 2002-இல் மதிப்பிட்டார்: 1-க்குப் பின் 120 சுழியங்கள்! அப்படி எதைத்தான் கணக்கிடுகிறதாம்? தன்னைத்தானே கணக்கிடுகிறது என்கிறார். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தேங்காய் விழுகிறது என்பதற்கும், தேங்காய் தன் விழுதலைக் கணக்கிடுகிறது என்பதற்கும் என்ன வேறுபாடு? எது நடந்தாலும் கணக்கு என்றே பெயர் வைத்தால், எது நடந்திருந்தால் அது கணக்கு அல்ல என்று சொல்வார்கள்?

இதையெல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு மாணவன். நான் டியூஷன் சொல்லிக் கொடுத்த ஐந்தாம் படிவ மாணவன் ஒருவனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் தோல்வி கண்டு, பள்ளியை விட்டு நின்றுவிடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரம். "அப்படின்னா எல்லாம் முன்னாலேயே எழுதி வச்சதுதானே அண்ணே? அப்புறம் நான் எதுக்குப் படிக்கணும்?" என்றான். வீட்டிலும் 'எல்லாம் தலைவிதி' என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கவனித்துப் பாருங்கள். இடைநிலைப்பள்ளியில் நியூட்டனின் விதியை 'ஹுக்கும்' என்று மலாயில் படித்தோம். தலைவிதிக்கு மலாயில் 'தக்டிர்' என்று வேறு சொல். தமிழிலோ இரண்டும் 'விதி'. கணித்தல் என்பதும் அப்படியே. கணக்குப் போடுவதும் கணித்தல். சோதிடர் வருங்காலம் சொல்வதும் கணித்தல். ஆக, விதிப்படி கணிக்கும் அண்டம் என்று தமிழில் சொன்ன உடனேயே, முடிவு தெரிந்த அண்டம் என்பது போல் காதில் விழுகிறது.

கணினி அறிவியல் சொல்வதோ நேர்மாறானது. கான்வேயின் விளையாட்டில் ஐந்து கட்டங்களை வேறொரு விதமாக, ஆங்கில 'ஆர்' எழுத்தைப் போல அடுக்கினால் அவை நகர்ந்து போவதில்லை. வெடித்துப் பரவி, 1103 சுற்றுகள் கழித்தே அமைதி அடைகின்றன. விதி நம் கையில் இருக்கிறது. தொடக்கமும் கண்முன்னே இருக்கிறது. ஆனால், 1103 என்ற எண்ணை அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு நிரல் என்றேனும் நிற்குமா நிற்காதா என்பதை எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டியே சொல்லும் பொது வழி கிடையாது என்பது 1936-இல் ஆலன் டூரிங் அமைத்த அடித்தளத்தில் நிறுவப்பட்ட உண்மை. 'உயிர்' விளையாட்டுக்கும் அது பொருந்தும். அந்த மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: நீ உட்கார்ந்து படிப்பதும் அந்தக் கணக்கில் ஒரு படி. அந்தப் படியைத் தாண்டிக் குதித்து விடையை மட்டும் எடுத்துவர அண்டத்துக்கே வழி தெரியாது.

ஆனாலும், அவனுடைய கேள்வியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பிணைந்த துகள்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2022-இல் அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அண்டைக் கட்டத்தை மட்டும் பார்த்து, முன்பே தீர்மானமான விடைகளோடு இயங்கும் உலகால் அந்த ஆய்வு முடிவுகளை விளக்க முடியாது என்பதே பெரும்பாலோர் கருத்து. சூசேயின் கட்டங்கள் அத்தகைய உலகைச் சேர்ந்தவைதாம். இருந்தும் ஒருவர் விடவில்லை. 1999-இல் நோபல் பரிசு பெற்ற டச்சு இயற்பியலாளர் ஜெரார்டு 'ட் ஹூஃப்ட், குவாண்டம் உலகின் அடியில் இருப்பவை கட்டங்களே என்று 2016-இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு அவர் கொடுக்கும் விலை பெரிது: ஆய்வாளர் கருவியை எந்தப் பக்கம் திருப்பப் போகிறார் என்பதும், ஆதியிலிருந்தே அத்துகளின் நிலையோடு பிணைந்திருக்கிறதாம். என் மாணவன் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தானே! அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அவருடைய கணக்கில் எங்கே பிழை என்று காட்டும் அளவுக்குக் குவாண்டம் இயற்பியலும் நான் இன்னும் படிக்கவில்லை.