கரண்ட் பில்லை மாற்றும் விதியை மாற்றுவது யார்?

2024 ஜூலையில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் 4.83% உயர்ந்தது. வீடுகளுக்கு 400 யூனிட் வரையிலான விலை, யூனிட்டுக்கு 4 ரூபாய் 60 காசிலிருந்து 4 ரூபாய் 80 காசு ஆனது. 'யாரைக் கேட்டு ஏத்துனாங்க?' என்று கோபப்படுபவர்கள் இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். அந்த உயர்வுக்கான வழி 2022-லேயே போடப்பட்டுவிட்டது.

2022-ல் என்ன நடந்தது?

2014 டிசம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய கட்டண உயர்வே இல்லை. 2022 ஜூலையில் மின்வாரியம் கட்டணத்தை உயர்த்தக் கேட்டு, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு போட்டது. ஆகஸ்ட்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பர் 9-ம் தேதி ஆணை வந்தது. மறுநாளே புதிய கட்டணம் அமல்.

எல்லோரும் பார்த்தது அன்றைய ரேட்டை. அதே ஆணைக்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் கட்டணத்தைத் திருத்தலாம்; விலைவாசிக் குறியீட்டின் உயர்வு அல்லது 6%, இதில் எது குறைவோ அந்த அளவுக்கு ஏற்றலாம். இதன்படிதான் 2023-ல் 2.18%, 2024-ல் 4.83%, 2025-ல் 3.16% என்று கட்டணம் ஏறியது. 2023, 2025 உயர்வுகளில் வீடுகளின் பங்கை மாநில அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது.

அதாவது, ரேட்டைவிட முக்கியமானது ரேட் எப்படி மாறும் என்கிற விதி. அந்த விதியைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பு, 2022 ஆகஸ்ட்டின் அந்தச் சில நாட்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கட்டணத்தை முடிவுசெய்ய வேண்டியது அமைச்சரோ மின்வாரியமோ அல்ல, ஒழுங்குமுறை ஆணையம். தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் மூன்று பேர். மின்நிறுவனம் தன் மனுவைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். வரும் ஆட்சேபங்களைப் பரிசீலித்து, 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். ஆணையம் தனது ஒழுங்குமுறைகளை மாற்றினாலும், முதலில் வரைவை வெளியிட வேண்டும்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? கட்டணம் தேர்தலைப் பார்த்து மாறக்கூடாது, கணக்கைப் பார்த்து மாற வேண்டும் என்பதற்காக. அரசுக்கு ஒரு பிரிவினருக்குச் சலுகை கொடுக்க விருப்பமா? தாராளமாகக் கொடுக்கலாம். அந்த மானியத் தொகையை முன்கூட்டியே மின்நிறுவனத்துக்குக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் எங்கே சிக்கல்?

முதல் சிக்கல் மாநிலங்களின் பக்கம். மின்நிறுவனம் அரசுக்குச் சொந்தமாக இருக்கும்போது, கட்டண மனுவையே போடாமல் தள்ளிப்போட முடியும். மனு வராவிட்டாலும் ஆணையம் தானாக முன்வந்து கட்டண நடைமுறையைத் தொடங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே உத்தரவிட்டது. அதன் பிறகும் பல மாநிலங்களில் தாமதம் நிற்கவில்லை. ஆணைய உறுப்பினர்களைத் தேர்வுக்குழுவின் பரிந்துரைப்படி நியமிப்பதும் மாநில அரசுதான்.

கட்டணம் ஏறாததால் செலவு மறைந்துவிடாது. வசூலிக்க வேண்டிய பாக்கி, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கணக்கில் ஏறி, வட்டியோடு வளரும். கடைசியில் அதுவும் பில்லில்தான் வந்து நிற்கும். இப்படிச் சேர்ந்த பாக்கிகளைக் காலவரம்புக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் ஆணையங்களின் செயல்பாட்டையும் கடுமையாக விமர்சித்தது.

இரண்டாவது சிக்கல் டெல்லியின் பக்கம். மத்திய அரசுக்கும் 'விதிகள்' போடும் அதிகாரம் இருக்கிறது. 2023 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சகம் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும், நேரத்துக்கு ஏற்ற கட்டணம் படிப்படியாக வர வேண்டும் என்றது. சூரிய ஒளி கிடைக்கும் பகல் நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20% குறைவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 1.1 மடங்கு, தொழில், வணிக இணைப்புகளுக்கு 1.2 மடங்கு.

பகலில் ஏராளமாகக் கிடைக்கும் சோலார் மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொள்ள இது நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் பகல் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டு, ராத்திரி வந்து ஏசி போடுபவருக்கு இது வேறு கணக்கு. அந்தக் கணக்கை மாநிலத்துக்கு மாநிலம் மக்களிடம் கேட்டு முடிவுசெய்யத்தான் ஆணையங்கள் இருக்கின்றன. ஆணையத்தின் ஒழுங்குமுறைக்கு வரைவை முன்கூட்டியே வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். மத்திய அரசின் விதிகளுக்குச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. அறிவிக்கை வெளியிட்டு, நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தால் போதும். அமைச்சகம் வழக்கமாக வரைவு வெளியிட்டுக் கருத்து கேட்கிறது என்றாலும், வழக்கம் வேறு, கட்டாயம் வேறு.

சீர்திருத்தம் வருகிறதா?

2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, மனு வராவிட்டாலும் ஆணையங்கள் தாமாகவே கட்டணம் நிர்ணயிக்க வழிசெய்கிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பேச 'மின்சார கவுன்சில்' ஒன்றையும் முன்மொழிகிறது. முதலாவது, தள்ளிப்போடும் பழக்கத்துக்குத் தடை போடும். இரண்டாவதில் மாநிலங்களின் குரலுக்கு எவ்வளவு எடை இருக்கும் என்பதுதான் கேள்வி. மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கும் விஷயம். டெல்லி ஒரு விதியை எழுதினாலும், அதன் செலவும் கோபமும் வந்து சேர்வது மாநிலத்தில்தான்.

இந்த இரண்டுமே அரசுகளுக்கும் ஆணையத்துக்கும் இடையிலான ஏற்பாடுகள். பில் கட்டுபவருக்கு இருக்கும் வாசல் பழையதுதான்: மனு வெளியாகும்போது எழுத்துபூர்வமாக ஆட்சேபம் அனுப்புவது, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவது.

நாம் என்ன செய்யலாம்?

2022 ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகான கட்டணத்துக்குப் புதிய மனு தேவை. அது வரும்போது யூனிட் விலையை மட்டும் பார்க்காமல், மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: ஆண்டு உயர்வு எந்தக் குறியீட்டோடு இணைக்கப்படுகிறது, அதற்கு உச்சவரம்பு எவ்வளவு, பழைய பாக்கி எந்த வழியில் வசூலிக்கப்படும். அடுத்த சில ஜூலைகளின் பில் அந்த வரிகளில்தான் இருக்கும்.