தீப்பெட்டிப் படமும் அதன் வயதும்

அஞ்செட்டி, தளி பக்கம் பழைய மளிகைக் கடையையோ வீட்டுப் பரணையோ ஒழிக்கும்போது தீப்பெட்டி கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் ஒட்டிய படத்தைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் உண்டு.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். அப்படித்தான் சிவகாசித் தீப்பெட்டி பிறந்தது. எழுத்து தெரியாதவரும் கேட்டு வாங்க வேண்டுமே! புலி, மயில், சாவி என்று படமே பெயரானது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும் அஞ்செட்டி, தளி எல்லைப் பக்கத்துக்கு இதைவிடத் தோதான விளம்பரம் ஏது?

பெட்டியின் வயதைக் காட்டிக்கொடுப்பது அதில் அச்சிட்ட விலைதான். ஒரு ரூபாய் என்றிருந்தால் பெரும்பாலும் 2007க்கும் 2021 டிசம்பருக்கும் இடைப்பட்டது. ஐம்பது காசா? அதற்கும் முந்தையது. ரொம்பப் பழைய பெட்டியில் கலால் வரிச்சீட்டும் ஒட்டியிருக்கும். 1934இல் வந்த வரி அது. அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள்.

மரத் தீப்பெட்டியில் ஒட்டிய படத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பசை தானே விடும். செய்தித்தாளில் உலர்த்தினால் மை ஏறும், வெள்ளைத்தாளே நல்லது. பெட்டி முழுசாக இருந்தால் உரிக்கவே வேண்டாம். குச்சிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.