செசபீக் விரிகுடாவின் சேற்றுக் கணக்கு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவை ஒட்டி, ஜாப்பா என்றொரு துறைமுகம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் புகையிலை ஏற்றக் கப்பல்கள் வந்து நின்ற ஊர். மேட்டுநிலக் காடுகளை வெட்டிப் புகையிலை போட்டார்கள், மழை அந்த மண்ணை ஆற்றுக்குள் தள்ளியது, துறைமுகம் தூர்ந்தது. வியாபாரம் பால்டிமோருக்குப் போயிற்று. அன்று கப்பல் நின்ற இடத்துக்கும் இன்று கப்பல் மிதக்கும் ஆழத்துக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர் தரை.

அதே விரிகுடாவின் நடுப்பகுதியில் ஹாலண்ட் தீவு. 1910 வாக்கில் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். கரை கரையக் கரைய, வீடுகளைப் பிரித்துப் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மிஞ்சி நின்ற கடைசி வீடு 2010இல் தண்ணீருக்குள் சரிந்தது.

இங்குள்ள தீவுகள் வெறும் களிமண்ணும் வண்டலும்தான். அலையைத் தாங்கப் பாறை கிடையாது. நீர்மட்டமோ நூறாண்டில் சுமார் 30 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. கடல் உயர்வது பாதிக் காரணம், தரை தாழ்வது மீதி. பனியுகத்தில் வடக்கே கிடந்த பனிப்பாளத்தின் பாரத்தால் இந்தப் பக்கம் நிலம் புடைத்திருந்தது, மெத்தையில் ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் எழும்புவதைப் போல. பனி உருகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் அந்தப் புடைப்பு இன்னும் அமுங்கிக்கொண்டே இருக்கிறது.

வடக்கிலிருந்து வரும் சஸ்குவஹானா ஆறுதான் விரிகுடாவின் நன்னீரில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. அதன் குறுக்கே 1928இல் கட்டிய கோனோவிங்கோ அணை பல பத்தாண்டுகள் வண்டலைப் பிடித்து வைத்தது. இப்போது நீர்த்தேக்கம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. பெருவெள்ளம் வந்தால் அடியில் படிந்ததையும் அரித்துக்கொண்டு போகும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் மழை, பல ஆண்டுகளில் வர வேண்டிய சேற்றைச் சில நாட்களில் கொண்டுவந்து கொட்டியது. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காமல் நீரடிப் புல்வெளிகள் மடிந்தன, சிப்பிப் படுகைகள் மூடிப்போயின.

கரையோர வீட்டுக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது சுவர். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடி மணலைத் தோண்டும். அது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கரைக்கு மணல் வந்ததே இந்தக் கரை அரிபட்டதால்தான். சுவர் எழுந்ததும் அங்கே வரத்து நின்றுவிடும். அடுத்தவரும் சுவர் கட்ட வேண்டியதுதான். இதனால்தான் மேரிலாந்து 2008இல் சட்டம் போட்டது: முடிந்த இடங்களிலெல்லாம் சுவருக்குப் பதில் சதுப்புப் புல் நட்டுக் கரையைக் காக்க வேண்டும்.

எல்லா அரிப்பையும் நிறுத்தலாமா என்றால், இதே விரிகுடாவின் கால்வர்ட் செங்குத்துக் கரைகளில் சிக்கல். அங்கே மண் சரியும்போதெல்லாம் பழங்காலச் சுறாக்களின் பற்கள் உதிர்கின்றன. பியூரிட்டன் புலிவண்டு என்ற அரிய பூச்சியின் புழுக்கள் அந்த வெற்று மண்முகத்தில்தான் வளை தோண்டி வாழும். அலையைத் தடுத்தால் கரை சாய்ந்து செடி மூடிவிடும், வண்டுக்கு இடமில்லை. உச்சியில் வீடு கட்டியவர்களுக்கோ கொல்லைப்புறம் குறைந்துகொண்டே வருகிறது. விரிகுடாவைப் பார்க்கும் அந்தக் காட்சியைச் செதுக்கித் தந்ததே இந்தச் சரிவுதான் என்று அவர்களிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

பாப்லர் தீவு கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் இருந்தது. 1990களின் நடுவில் பத்து ஏக்கர் தேறுவதே கடினம். 1998இலிருந்து, பால்டிமோர் துறைமுகக் கப்பல் வழிகளில் தூர்வாரும் சேற்றைப் பாறைக் கரைகளுக்குள் நிரப்பித் தீவை மீட்கிறார்கள். ஆமைகள் முட்டையிடுகின்றன, ஆலாக்கள் கூடு கட்டுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் துறைமுகத்துக்குச் சேறு கொட்ட ஓர் இடம் தேவைப்பட்டிருக்காவிட்டால் இது நடந்திருக்குமா என்பது என் சந்தேகம். தெற்கே வர்ஜீனியாவில் உள்ள டாஞ்சியர் தீவில் நண்டு பிடிப்பவர்கள் இன்றும் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். 1850இலிருந்து அது தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது. பால்டிமோரிலிருந்து சேற்றுப் படகுகள் வந்து சேர்வதற்கு அது வெகுதூரம்.