பைலா அச்சேறுவதற்கு முன்னால்

சென்ற வாரம் வரை மாநகராட்சிகளின் வரவு செலவைப் பார்த்தோம். இந்த வாரம் அவை போடும் சட்டம். சட்டம் போடுவது சட்டசபை வேலையாயிற்றே என்பவர்கள் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கலாம். குப்பையை எத்தனை வகையாகப் பிரித்து யாரிடம் கொடுப்பது, அதற்கு மாதம் எவ்வளவு, நாய்க்கு லைசென்ஸ் வேண்டுமா, தள்ளுவண்டி எந்தத் தெருவில் நிற்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது மாநகராட்சியின் துணைவிதிதான். வழக்கில் எல்லோரும் சொல்வது பைலா.

ஒரு மசோதா நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2023 டிசம்பரில் கேரள அரசு நகராட்சிச் சட்டத்தை அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தி, குப்பை கொட்டுகிறவர்களுக்கான அபராதத்தைக் கூட்டியது. முன்கூட்டி யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பைலாவுக்கு அந்தக் கட்டாயம் உண்டு. மாமன்றம் முதலில் வரைவை வெளியிட வேண்டும். ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் வாங்கிப் பரிசீலிக்க வேண்டும். அதன் பிறகு மாநில அரசின் ஒப்புதல், அரசிதழ். வரைவுக்கும் அரசிதழுக்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சில வாரங்களில்தான் ஒரு சாதாரண ஆள் சட்டத்தின் வாசகத்தில் கைவைக்க முடியும். திருவனந்தபுரத்தை இந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கேட்டால் என்ன நடக்கும், கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டுக்கும் அந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது என்பதுதான்.

பாளையத்துக்குப் பக்கத்தில் 1896இல் கட்டிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் இருக்கிறது. ஊர் வாயில் வி.ஜே.டி. ஹால்; 2019 முதல் அய்யன்காளி ஹால். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904இல் முதன்முதலாகக் கூடியது இங்கேதான். சட்டம் இயற்றும் அதிகாரம் அந்தச் சபைக்குக் கிடையாது. உறுப்பினர்கள் எழுந்து குறைகளைச் சொல்வார்கள், சர்க்கார் பதில் சொல்லும், அவ்வளவுதான். பல்லில்லாத சபை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1911இல் நியமனம் பெற்று, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இதே ஹாலில் பேசிய புலையர் சமூகத் தலைவர் அய்யன்காளி, குடியிருக்க இடமில்லாத தம் மக்களுக்கு நிலம் கேட்டார். அதன் விளைவாக விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் புலையர் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். கேட்க மட்டுமே உரிமை இருந்த சபையில் கேட்டு வாங்கிய நிலம் அது.

விளப்பில் என்ற பெயரை மறுபடி கேரளம் முழுக்கக் கேட்டது வேறு காரணத்துக்காக. 2000ஆவது ஆண்டில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை ஆலை விளப்பில்சாலையில் திறக்கப்பட்டது. உரம் செய்வதற்கென்று வந்த ஆலை, நாளடைவில் மலையாகக் குவிந்த கழிவும் அதிலிருந்து வடிந்த சாறுமாக மாறியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், விளப்பில் தனிப் பஞ்சாயத்து. மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. குப்பையை அனுப்பிய நகரத்தின் மாமன்றத்தில் அந்த ஊர்க்காரருக்கு ஓட்டு இல்லை, கௌன்சிலர் இல்லை, வார்டு கூட்டம் இல்லை. நகரம் எந்த விதி போட்டாலும் ஆட்சேபணை மனுவில் 'இந்நகரவாசியாகிய நான்' என்று எழுதக்கூட அவர்களுக்கு வழியில்லை. மனுவில் சொல்ல முடியாததைச் சாலையில் உட்கார்ந்து சொன்னார்கள். 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே ஆலையைப் பூட்டியது. அதற்கப்புறம் போலீஸ், நீதிமன்றம், மறியல் என்று எவ்வளவோ நடந்தும் ஆலை திறக்கவில்லை.

தலைநகரம் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது அப்போதுதான். வீட்டுக்கு வீடு குழாய்க் கம்போஸ்ட், உயிரி எரிவாயுக் கலன், பிறகு வார்டுகளில் காற்றூட்டத் தொட்டிகள், வாசலுக்கு வந்து பிளாஸ்டிக் வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள். இப்போது கேரளம் மற்ற மாநிலங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஏற்பாடு, உண்மையில் ஒரு கிராமம் போட்ட பூட்டிலிருந்து பிறந்தது. மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகள், எல்லா உள்ளாட்சிகளும் ஓராண்டுக்குள் இதற்கான பைலா போட வேண்டும் என்றன. அதாவது குப்பை என்பது இனி எங்கும் வரைவு, ஆட்சேபணை, ஒப்புதல் என்ற பாதையில் போக வேண்டிய விஷயம். பாதை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில், ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் குப்பை யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் வாதாடிக்கொண்டதை நாடே பார்த்தது.

சரி, நகரத்துக்குள் இருக்கிறவர் எங்கே போய்ப் பேசுவது? வார்டு சபை என்று உடனே சொல்வார்கள். இங்கே கேரளச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு உட்பட்ட மக்கள்தொகை உள்ள நகராட்சியில்தான் வார்டு சபை. அந்த வார்டின் வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரத்தில் வார்டு கமிட்டி. அதில் குடியிருப்போர் சங்கங்களிலிருந்தும் அயல்கூட்டங்கள் எனும் அக்கம்பக்கத்துக் குழுக்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், கட்சிப் பிரதிநிதிகள், பள்ளித் தலைமையாசிரியர்கள் இப்படிச் சிலர்தான் இருப்பார்கள். ஊர் பெரிதாகப் பெரிதாகக் கதவு சிறிதாகிறது. திருவனந்தபுரத்தில் வாடகைக்கு இருப்பவர், சங்கத்தில் சேராதவர், குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் இல்லாதவர் ஆகியோருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. கூட்டம் நடந்தாலும் பேச்சு பெரும்பாலும் பயனாளிகள் பட்டியலைச் சுற்றியே போகும். யாருக்கு வீடு, யாருக்குக் கோழிக்குஞ்சு, எந்த ஓடைக்கு மூடி. 1996இல், உள்ளாட்சிகளே திட்டமிடும் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து பழகிய பேச்சு இது. தவறில்லை, தேவையானதும்தான். ஆனால் ஒரு பைலா வரைவை மேசையில் வைத்து வரி வரியாகப் படிக்கும் பழக்கம் அதில் வளரவில்லை.

வரி வரியாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு, பைலா இல்லையென்றாலும் அதே வரைவு, ஆட்சேபணைப் பாதையில் வந்த 2013 மாஸ்டர் பிளான் சாட்சி. நகருக்கு அதற்கு முந்தைய மாஸ்டர் பிளான் 1971இல் ஒப்புதல் பெற்றது. நாற்பது ஆண்டு கழித்துப் புதிய வரைவு வந்தபோது, டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தை ஒட்டிய ஆற்றிப்ரா போன்ற இடங்களில் ஜனங்கள் வரைபடத்தை விரித்துத் தங்கள் வீட்டைத் தேடினார்கள். வீடு இருந்த இடத்தில் வேறு நிறம் இருந்தது. நிறம் மாறினால் நிலத்தின் பயன்பாடு மாறும், நாளைக்கு ஒரு அறை கூடுதலாகக் கட்ட அனுமதி கிடைக்காது. ஆட்சேபணைகள் குவிந்தன, போராட்டம் நடந்தது, கடைசியில் அரசு அந்தத் திட்டத்தையே நிறுத்திவைத்தது. 2040ஐ இலக்காக வைத்து வேலையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஒருவிதத்தில் வெற்றி. இன்னொரு விதத்தில், நகரம் பத்து ஆண்டுக்கு மேல் பழைய வரைபடத்தோடே காலம் தள்ளியது. வரைவு எழுதும்போதே ஆற்றிப்ராக்காரரிடம் கேட்டிருந்தால் இவ்வளவு காலம் போயிருக்காது என்பது என் அபிப்பிராயம். கேரள நகர் ஊரமைப்புச் சட்டம் மாஸ்டர் பிளான் வரைவுக்கு 60 நாள் தருகிறது. அந்த அறுபது நாளில் முதல் ஐம்பது நாள் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

ஆட்சேபணை எழுதுவது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். பொதுவாக 'இதை எதிர்க்கிறோம்' என்று நூறு பேர் ஒரே ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதால் அதிகாரிக்கு வேலை சுலபம். நூறையும் ஒன்றாக எண்ணி ஒரே வரியில் பதில் போட்டுவிடுவார். வரைவின் எந்தப் பிரிவு, அது என் தெருவில் என்ன செய்யும், அதற்குப் பதிலாக எந்த வாசகம் வர வேண்டும் என்ற மூன்றும் இருக்கிற மனுவை அப்படித் தள்ள முடியாது. குப்பைக் கட்டணப் பிரிவு என்றால், தனியாக இருக்கும் முதியவருக்கு விலக்கு வேண்டும் என்று மட்டும் எழுதாமல், விலக்கு தரும் வாக்கியத்தையே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாநகராட்சி ஃப்ரண்ட் ஆபீஸில் கொடுத்துக் ஒப்புகை ரசீது வாங்காமல் நகரக் கூடாது.

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு ஒரு தகவல். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக இருப்பவர்கள்கூட மலையாள வரைவைப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். மாநகராட்சி அந்தப் பட்டியலில் வராது. ஆனால் பைலா ஒப்புதலுக்குப் போவது செயலகத்துக்குத்தானே! அங்கே தமிழில் ஒரு மனு போகட்டும்.

வார்டு சபை போன்ற கூட்டம் நம் ஊர்ப் பக்கமும் தொடங்கியிருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்திருந்தார். அங்கேயும் தெருவிளக்கும் குடிநீரும்தான் பேசப்படுகின்றன. பைலா வரைவைப் பகுதி சபையில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மனு கொடுத்தாயிற்று, பிறகு? பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும்போது அதற்கான விவரங்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. வந்த ஆட்சேபணைகள் எத்தனை, ஒவ்வொன்றின் மீதும் எடுத்த முடிவு என்ன, அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். ஒரு வார்டில் மூன்று பேர் இப்படிக் கேட்கத் தொடங்கினால், அடுத்த வரைவு வரும்போது கௌன்சிலரே கூப்பிட்டுச் சொல்வார்.

தெருவோர வியாபாரிகளுக்கு இவ்வளவு சுற்றுவழி தேவையில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீத இடம் அவர்களுக்கே, அதுவும் தேர்தல் வழியாக. அந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது என்பது அடுத்த வாரம்.