வாஷிங் மெஷின் தண்ணீர் எங்கே போகிறது?

ஜார்ஜ் டவுன்: புதிய வாஷிங் மெஷின் வாங்கும்போது எத்தனை கிலோ, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். வீட்டில் இறக்கிவைப்பவர் கழிவுநீர் ஹோஸை அருகிலுள்ள துளையில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். பல சிக்கல்கள் அந்த ஹோஸில்தான் தொடங்குகின்றன.

கால்வாயா, கழிவுநீர்க் குழாயா?

நம் நாட்டில் மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. கழிவுநீர்க் குழாயில் போவது ஜெலுத்தோங் போன்ற சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. வீட்டோரக் கால்வாயில் விழுவது அப்படியே ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விடுகிறது.

பழைய கடைவீடுகளிலும் வரிசை வீடுகளிலும் கழிப்பறை நீர் மட்டும் கழிவுநீர்க் குழாய்க்கோ கழிவுத் தொட்டிக்கோ போகும். குளியலறை, சமையலறை நீர் கால்வாய்க்குப் போகும். பின்புறம் வைத்த மெஷினின் ஹோஸும் அங்கேயே திரும்புகிறது. சோப்பு நுரையும் துணி நாரும் இப்படித்தான் சுங்கை பினாங்கில் கலக்கின்றன. நம்மவர்கள் சலவைத் தொழில் செய்த டோபி காட் இருப்பதும் அதன் கிளையான ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில்தான்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது, மெஷின் நீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்க முடியுமா என்று உரிமம் பெற்ற குத்தகையாளரிடம் கேளுங்கள்.

ஹோஸின் உயரம்

முன்பக்கம் திறக்கும் மெஷின்களில் ஹோஸ் பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். முனை தரையில் கிடந்தால், ஒரு பக்கம் தண்ணீர் நிரம்ப, மறுபக்கம் தானாக வழிந்துகொண்டே இருக்கும். தண்ணீர்க் கட்டணம் ஏறும், துணியும் சரியாக வெளுக்காது. மேலே திறக்கும் சில ரகங்களுக்கு மட்டும் ஹோஸ் தாழ்வாகவே இருக்க வேண்டும். எதுவென்று கையேட்டில் பாருங்கள்.

ஹோஸ் நுழையும் குழாய் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. காற்றுப் புகாதபடி டேப் சுற்றி அடைக்க வேண்டாம். குழாயின் கீழே வளைவு இருந்தால், அதில் தேங்கும் நீர் துர்நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கும்.

டிஷ்வாஷருக்கும் இதே விதிதான். அதன் ஹோஸைச் சிங்க் அடியில் உயரமாக வளைத்துக் கட்டிய பிறகே கழிவுக் குழாயில் இணைக்க வேண்டும். இல்லையென்றால் சிங்க்கின் அழுக்கு நீர் கழுவிய தட்டுகளுக்கே திரும்பி வரும்.

தண்ணீர் வரும் பக்கம்

2024 ஜனவரியில் பினாங்கில் ஏற்பட்டதைப் போன்ற நீர் விநியோகத் தடைக்குப் பிறகு, கலங்கிய நீரைச் சிறிது நேரம் வெளியே விடுங்கள். பிறகு, மெஷினின் நீர் நுழையும் இடத்திலுள்ள சிறிய வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். மெஷின் மெதுவாக நிரம்புவதற்கு இந்த அடைப்பே காரணமாக இருக்கலாம்.

கூரைத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல மெஷின்கள் 0.5 பார் கேட்கின்றன. அதாவது 5 மீட்டர் உயர வித்தியாசம். அதனால்தான் மேல் மாடிகளில் சிலருக்குப் பம்ப் தேவைப்படுகிறது.

கீழ்வீட்டுக் கூரை நனைந்தால்

அடுக்குமாடிகளில் ஒரு தளர்ந்த ஹோஸ் அக்கம்பக்கத்து உறவையே கெடுத்துவிடும். 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகளின்படி, கூரையில் கசிவு என்று புகார் வந்தால் நிர்வாகம் 7 நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, குறை மேல்வீட்டில் இருப்பதாகவே கருதப்படும். எனவே கீழ்வீட்டார் மேலே போய்ச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை; நிர்வாகத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளலாம்.

மேல்வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: துவைத்து முடித்ததும் பைப்பை மூடிவிடுங்கள். திறந்தே விட்டால் ரப்பர் ஹோஸ் நாள் முழுதும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். புதிய ஹோஸ் வாங்கும் செலவு, கீழ்வீட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுக்கும் செலவில் ஒரு சிறு பங்குதான்.