பன்றி இதயத்தில் பதுங்கி வந்த வைரஸ்!
மூக்கில் சிக்கவில்லை, ரத்தத்தில் சிக்கியது

ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஆபரேஷன் என்றாலே கிருமி பயம்தான். உறுப்புக்குள்ளேயே கிருமி இருந்தால்? ராஜபாளையத்தில் பஸ் ஏறுகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் இதைப் படித்து விடலாம்.

2022 ஜனவரி 7. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். டேவிட் பென்னட்டுக்கு வயது 57. மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை அவருக்குப் பொருத்தினார்கள். இதயம் நன்றாகத்தான் துடித்தது. மார்ச் 8-ந் தேதி அவர் இறந்து விட்டார்.

பிறகுதான் குட்டு உடைந்தது. இதயத்தோடு பன்றியின் 'சைட்டோமெகலோ' வைரசும் வந்திருக்கிறது!

பன்றியைச் சோதிக்காமலா விட்டார்கள்? சோதித்தார்கள். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் இது பலே கில்லாடி. உறுப்புக்குள் தூங்கிக் கிடக்கும், மூக்குப் பக்கம் எட்டிப் பார்க்காது. பென்னட்டின் ரத்தத்தில் 20-வது நாள்தான் துளியாகத் தலைகாட்டியது. சாவுக்கு அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதயத்தைக் கெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு என்கிறார்கள் டாக்டர்கள்.

இப்போது பன்றியின் ரத்தத்தில் 'ஆன்டிபாடி' தேடுகிறார்கள். திருடன் தூங்கினாலும் காலடித்தடம் இருக்குமே!

'பெர்வ்' என்று இன்னொன்று. பன்றியின் மரபணுவிலேயே ஒட்டியிருப்பது. கொட்டிலைக் கழுவினால் போகாது. சோதனைக்கூடத்தில் மனித செல்லைத் தொற்றும் என்று 1997-ல் தெரிந்தது. ஆளுக்குத் தொற்றியதாக இதுவரை தகவல் இல்லை.

அதே 1997-ல் அசாம் சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பரூவா ஒருவருக்குப் பன்றி இதயம் வைத்தார். ஆள் 7 நாள் இருந்தார். டாக்டர் 40 நாள் ஜெயிலில் இருந்தார்.

பன்றி உறுப்பு வாங்கியவர்கள் ஆயுள் முழுக்கச் சோதனைக்கு வர வேண்டும், ரத்ததானம் கூடாது என்பது அமெரிக்க அரசின் வழிகாட்டுதல். அவர்களோடு நெருங்கி வாழ்கிற வீட்டுக்காரர்களும் ரத்தம் கொடுக்கக் கூடாதாம்.